ஒரு சாண் முன்னால்

மனிதகுலத்தின் வரலாறு என்பது, கால் வைக்க ஓர் இடம் தேடிய வரலாறு. இதை என் பட்டறை வாசலில் எழுதச் சொன்னேன். இடம் போதாதென்று பெயிண்டர் 'பஞ்சர் ஒட்டப்படும்' என்று எழுதிவிட்டுப் போனார்.

சார், நான் பொறாமைக்காரன் இல்லை. அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். சகலை, அதாவது என் மனைவியின் தங்கை புருஷன், ஆறடி மூன்று அங்குலம். நான் எவ்வளவு என்பது இந்த வழக்குக்குத் தேவையில்லை.

அவன் நல்லவன். அதுதான் தொந்தரவு. பதினோரு வருஷமாக எங்கள் வீட்டில் பல்பு மாற்றுவது என் வேலை. நான் ஸ்டூலில் ஏறுவேன். மனைவி இரண்டு கையாலும் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு, "பாத்து, பாத்து" என்பாள். பல்பு எரிந்த பிறகும் கொஞ்சநேரம் நான் இறங்கமாட்டேன். சகலை பக்கத்துத் தெருவுக்குக் குடிவந்ததும் ஸ்டூலுக்கு வேலை போயிற்று. நின்ற இடத்திலேயே கையை உயர்த்தி மாற்றிவிட்டான். "தம்பி எவ்வளவு சுலபமா முடிச்சிட்டாரு, பாத்தீங்களா?" என்று என்னிடமே கேட்டாள். ஸ்டூலின் மேல் பூந்தொட்டி வைத்தாள்.

அதற்கும் நான் ஒன்றும் நினைக்கவில்லை. செடிக்குத் தண்ணீர்கூட ஊற்றினேன். வெந்நீர்தான், இருந்தாலும் ஊற்றினேன்.

போன மாதம் பைக்கோடு பட்டறைக்கு வந்தான். முட்டி ஹேண்டில்பாரில் இடிக்கிறதாம்.

"அண்ணே, உங்க கை பட்டாத்தான் எனக்கு நிம்மதி. காலை நீட்டி வச்சுக்கிற மாதிரி பண்ணிக் குடுங்க."

எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த மனைவி, பாவம் தம்பி, மடங்கி உட்கார்ந்து ஓட்டுகிறார் என்று பரிந்து பேசினாள். பதினோரு வருஷத்தில் என் முட்டியை அவள் விசாரித்ததில்லை. அது எதிலும் இடித்ததில்லை என்பது வேறு விஷயம்.

வேலையில் நான் குறை வைக்கவில்லை. கால்மிதி, கியர், பிரேக் மூன்றையும் ஒரு சாண் முன்னால் தள்ளினேன். பிரேக் மிதியிலிருந்து பின்சக்கரத்துக்கு நீளமான கம்பி கொடுத்தேன். கம்பியை மிதியோடு சேர்க்கும் ஆணி கழன்று விழாமலிருக்க ஒரு ஸ்பிளிட் பின் போடவேண்டும். ஹேர்பின் அளவுகூட இருக்காது. அதை மட்டும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அது இல்லாமலும் நாலைந்து நாள் ஓடும். சகலை முன் பிரேக்கைத் தொடமாட்டான். ஒருமுறை அதைப் பிடித்துத் தலைகுப்புற விழுந்த கதையை எங்கள் வீட்டுக் கூடத்தில் நடித்தே காட்டியிருக்கிறான். மனைவி புரையேறும்வரை சிரித்தாள்.

ஐந்தாம் நாள், பாலத்து இறக்கத்தில் ஆணி விழுந்திருக்கிறது. கீழே நின்ற லாரியைப் பற்றி எஃப்.ஐ.ஆரில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சவப்பெட்டிக்கு அளவு நான்தான் கொடுத்தேன். அங்குலம் பிசகவில்லை. மனைவி நிற்கமுடியாமல் அழுதாள். நான் அவளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பாத்து, பாத்து" என்றேன்.

வேண்டுமென்றேதான் செய்தேன். யாரும் தூண்டவில்லை. எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள்.

ஒரே ஒரு திருத்தம். மாற்றிய வண்டியை நானே ஓட்டிப் பார்த்துத்தான் கொடுப்பது என் பட்டறை வழக்கம். அன்றும் ஓட்டிப் பார்த்ததாக நேற்று சொன்னேன். அது பொய்.

கால் எட்டவில்லை. அவன் வீடுவரை தள்ளிக்கொண்டு போனேன்.