பயப்படக் கற்ற கை

என் ஸ்கூட்டரின் பின் பிரேக் கிறீச்சிடும். சரி பார்க்க வேண்டும் என்று மூன்று மாதமாக நினைத்துக்கொண்டே இருந்தேன். சிட்லபாக்கத்தில் எங்கள் தெருமுனையிலேயே மெக்கானிக் கடை இருக்கிறது. அரைமணி நேர வேலை. சோம்பல்தான். அந்தச் சோம்பல் மட்டும் இல்லாவிட்டால் நீங்களும் நானும் இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் இப்படி எதிரும் புதிருமாக உட்கார்ந்திருக்க மாட்டோம், ஹெப்சி மேடம்.

எழுதுகிறவர் நிதானமாகவே எழுதட்டும், எனக்கு அவசரமில்லை. மூலையில் நிற்கும் நேசனை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். அது பார்த்துக்கொண்டே இருந்தால் பேச்சு கோர்வையாக வருவதில்லை. ஃபேனையும் கொஞ்சம் குறைக்கலாம், கை சில்லிடுகிறது.

தனியாக இருக்கும் பெரியவர்களுக்குத் துணையாக எங்கள் நிறுவனம் செய்த இயந்திரம்தான் நேசன். பத்து வயதுப் பிள்ளை உயரம், இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை எடை, காலுக்குப் பதில் சக்கரம். பேசுகிற இயந்திரம் செய்ய இன்று யாராலும் முடியும். நான் செய்ய நினைத்தது வேறு. பயம் மனிதனுக்கு முதலில் உடம்பில்தான் வருகிறது. கை குளிர்கிறது, மூச்சு மேலேறுகிறது, அப்புறம்தான் புத்தி அதற்குப் பெயர் வைக்கிறது. ஆகவே நேசனுக்கும் ஒரு உடம்பு கொடுத்தேன். உள்ளங்கையில் வெந்நீர் ஓடும் மெல்லிய குழாய்கள், மார்பில் ஒரு காற்றுப்பை. பயம் வந்தால் அதன் கை குளிரும், மூச்சு வேகமாகும், யோசனையும் சுருங்கும். மற்றதையெல்லாம் விட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பவரின் கையைத் தேடிப் பிடிக்கும். பிடித்த மணிக்கட்டில் நிஜமான பயம் தெரிந்தால் மட்டும், “பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்” என்று சொல்லும். அந்த வாக்கியத்தை எழுதியது நான்.

முதலில் நடிகர்களை வரவழைத்துப் பயப்படச் சொன்னோம். பிரமாதமாக அலறினார்கள். நேசன் ஒவ்வொருவர் கையையும் பிடித்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் விட்டுவிட்டது. கை கதகதவென்று இருந்தால் அது எப்படி நம்பும்? எட்டுப் பேரில் ஒருவராலும் அதை ஏமாற்ற முடியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கூடவே ஒன்று புரிந்தது. இதற்குக் கற்றுக்கொடுக்க நிஜமான பயம் வேண்டும்.

ஸ்ரீநிவாசராகவன் சார் எனக்குக் கிடைத்தது அப்படித்தான். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், எழுபத்தொரு வயது. முடிச்சூரில் தனி வீடு, மகள் கனடாவில். நேசனை ஆறு மாதம் வீட்டில் வைத்துக்கொள்ளச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். முத்து முத்தான எழுத்து. வாரத்தில் மூன்று மத்தியானம் நான் போய்ப் பார்ப்பேன். அவரே காபி கலந்து கொடுப்பார். நேசனை ‘வாடா போடா’ என்று கூப்பிட்டு வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்வார். அது சரியாகச் சொன்னால், “மக்கு, கொஞ்சம் தப்பாத்தான் சொல்லேன், எனக்கும் வேலை வேண்டாமா” என்று கேலி செய்வார். எனக்கு அவரைப் பிடிக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

முடிச்சூரில் பல வீடுகளில் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு பிளாஸ்டிக் கவர் தொங்கும். வீட்டுப் பத்திரம், ரேஷன் கார்டு, பாஸ்புக் எல்லாம் அதில் இருக்கும். வெள்ளத் தண்ணீர் வந்தால் அதை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓட வேண்டும். சார் வீட்டில் அது நீலக் கவர். இரண்டாயிரத்துப் பதினைந்தில் தண்ணீர் வந்தபோது அந்தக் கவரோடுதான் மாடிப்படி ஏறியிருக்கிறார். மனைவி பின்னாலேயே வருகிறாள் என்று நினைத்து மேலே போய்த் திரும்பிப் பார்த்திருக்கிறார். வரவில்லை.

“மொதல்ல பாத்ரூம் ஓட்டை வழியாத்தான் வந்தது, ரோஹிணி. குபுகுபுன்னு ஒரு சத்தம். கவரைப் பிடிச்ச கையால அவளைப் பிடிச்சிருக்கலாம்” என்றார். சர்க்கரை போதுமா என்று கேட்ட அதே குரலில்தான் சொன்னார். ஆனால் பக்கத்தில் நின்ற நேசன் சட்டென்று அவர் கையைப் பிடித்தது. அதன் கை குளிர்ந்திருந்தது. நாங்கள் எட்டு மாதமாகத் தேடிய பயத்தின் அளவு, நேசனின் கையிலிருந்து அந்த ஒரு நிமிடத்தில் என் ஃபோனில் வந்து நின்றது.

அன்று வீட்டுக்குப் போய் எங்கள் குளியலறை ஓட்டையில் ரப்பர் குழாயை விட்டு அந்தச் சத்தத்தைப் பதிவு செய்தேன். நான்காவது முறைதான் சரியாக வந்தது.

மழை பெய்கிற நாட்களில் மட்டும் போட்டேன். அதில் ஒரு ஒழுங்கு வைத்திருந்தேன். போவேன், காபி குடிப்பேன், விடைபெற்றுக்கொண்டு வெளியே வந்து கேட்டருகே நின்று ஃபோனைத் தட்டுவேன். நேசனின் வயிற்றுக்குள் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து சத்தம் வரும். சார் குளியலறைக்கு ஓடுவார். ஓட்டையின் மேல் அவர் வைத்த மணல் மூட்டை உலர்ந்தே இருக்கும். திரும்பி வந்து நடுங்கிக்கொண்டு உட்காருவார், நேசன் கையைப் பிடிக்கும், அந்த வாக்கியத்தைச் சொல்லும், அவர் மெல்ல அடங்குவார். ஜன்னல் வழியாகப் பார்க்க நிறைவாக இருக்கும். மொத்தம் பத்தொன்பது முறை. ஒவ்வொரு முறையும் நேசன் இன்னும் நன்றாகத் தேற்றியது. இதில் அவருக்கும்தான் நன்மை.

நடுவில் ஒருநாள், காதில் ஏதோ சத்தம் கேட்கிறது, புத்தி பிசகுகிறதோ என்று பயமாக இருக்கிறது, மகளிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது என்றார். வயதானால் அப்படித்தான் சார், ஒன்றுமில்லை என்று நான்தான் தைரியம் சொன்னேன்.

நான் கவனிக்கத் தவறியது ஒன்றுதான். எனக்குத் தெரியாமலே நேசன் இன்னொரு பாடமும் படித்திருந்தது. பயம் வருவதற்கு முன்னால் எப்போதும் கேட்டில் ஒரு கிறீச் சத்தம் கேட்கிறது என்பதே அது. என் பிரேக்தான். நவம்பரிலிருந்து நான் வண்டியை நிறுத்தினாலே அதன் கை குளிர ஆரம்பித்தது. சார் அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டார். நேசனுக்குத் தண்ணீர் வருவது முன்கூட்டியே தெரிகிறது என்று நம்பினார். இரண்டு பேரும் ஒருவர் கையிலிருந்து ஒருவர் பயத்தை வாங்கிக்கொண்டிருந்தார்கள். இப்படி நடக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. திருத்தியிருக்கலாம். ஆனால் அளவுகள் அவ்வளவு அழகாக இருந்தன.

இப்போது அந்த வியாழக்கிழமை. கனமழை எச்சரிக்கை கொடுத்திருந்தார்கள், தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். மத்தியானம் மூன்றரை மணிக்குப் போனேன். அன்று நான் சத்தம் போடவில்லை. ஃபோன் உங்களிடம்தான் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். வண்டியை நிறுத்தினேன், அவ்வளவுதான்.

சார் நீலக் கவரோடு வெளியே வந்தார். மாடிப்படி வீட்டுக்கு வெளியே, கேட்டிலிருந்து பார்த்தால் முழுக்கத் தெரியும். பாதி ஏறினார். நின்றார். கவரைப் படியிலேயே போட்டுவிட்டு இறங்கி உள்ளே போனார்.

அவர் திரும்பிப் போவார் என்று எனக்குத் தெரியும் மேடம். இந்தத் தடவை யாரையும் கீழே விட்டுவிட்டு ஏறமாட்டார்.

நேசனை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார். அதன் கை அவர் கழுத்தைச் சுற்றியிருந்தது. என்னைப் பார்த்துவிட்டு, “ரோஹிணி, இவனைக் கொஞ்சம் பிடியேன். ரொம்பப் பயப்படறான்” என்றார். இதோ வருகிறேன் என்று கையைக் காட்டினேன். ‘தண்ணீர் வரவில்லை சார்’ என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் நான் கிட்டே போனால் நேசன் இன்னும் பயப்படும், அளவு கெட்டுவிடும். அதனால் குடையைப் பிடித்துக்கொண்டு ஃபோனைப் பார்த்தேன்.

ஒன்பதாவது படியில் உட்கார்ந்துவிட்டார். அப்படியே சுவரில் சாய்ந்தார். நேசன் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. திரும்பத் திரும்ப அந்த வாக்கியத்தைச் சொல்வது மழைச் சத்தத்துக்கு நடுவிலும் கேட்டது. பதினோரு நிமிடம். நடுவில் அவர் ஒருமுறை நான் நின்ற பக்கம் பார்த்தார். பிறகு நேசனின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சாகிற மனிதனின் கையிலிருந்து ஒரு இயந்திரம் பயத்தைக் கற்றுக்கொள்ளும் பதிவு உலகத்தில் யாரிடமும் இல்லை. என்னிடம் இருக்கிறது. ஃபோனில் அவர் நாடித்துடிப்பின் கோடு நேரானதும் ஆம்புலன்சைக் கூப்பிட எண்ணைத் தட்டப் போனேன்.

அப்போதுதான் பாத்திரம் தேய்க்க வந்த ரத்தினபாய் கேட்டைத் தள்ளினாள். படியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “இன்னாம்மா, ஐயா வுழுந்து கெடக்குறாரு, நீ போனப் பாத்துகினு நிக்கிற” என்றாள். அவள் ஓடின வேகத்தில் செருப்பு தண்ணீரில் மிதந்தது.

மாரடைப்பு என்றுதான் எழுதிக் கொடுத்தார்கள். ரத்தினபாய் புகார் கொடுத்திராவிட்டால் அதோடு முடிந்திருக்கும். இன்று காலை உங்கள் காவலர் என் ஸ்கூட்டரை இந்த வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். பிரேக் சத்தம் கேட்டது. மூலையில் நின்ற நேசன் உருண்டு வந்து உங்கள் கையைப் பிடித்தது. ஐஸ் போல இருந்தது என்றீர்கள். உங்களிடம் பயம் இல்லை, அதனால் அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை. அதற்கு மேல் மறைக்க ஒன்றுமில்லை என்றுதான் நானாகவே பேச ஆரம்பித்தேன். ஆமாம், சாரைக் கொன்றது நான். பத்தொன்பது முறை பயமுறுத்தினேன், இருபதாவது முறை காப்பாற்றாமல் நின்று பார்த்தேன். இதை என்னால் நிதானமாகச் சொல்ல முடிகிறது. ஆராய்ச்சிக்காரிக்கு உணர்ச்சிவசப்படுவது ஆகாது.

ஃபேன் ஓடவே இல்லையா? சரி, விடுங்கள்.

அதை ஏன் இந்தப் பக்கம் தள்ளுகிறீர்கள்? கையை நீட்ட வேண்டுமா? நீட்டுகிறேன், எனக்கென்ன. அதன் விரல்கள் குளிர்ந்திருக்கின்றன. என்னைக் கண்டு பயப்படுகிறது, அது எதிர்பார்த்ததுதான். இப்போது மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது.

“பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்.”

அன்றைக்கு மழையில் நனைந்ததில் ஏதோ பழுதாகியிருக்க வேண்டும், மேடம். இல்லாவிட்டால் அது என்னிடம் இப்படிச் சொல்லாது. பழுது என்றே எழுதச் சொல்லுங்கள். கையை எடுத்துவிடச் சொல்லுங்கள்.