ஜெர்மனை ஜப்பானாக்க வந்த வக்கீல்

— எலே ரமணா, அதியன்னூர்லேந்து பாறசாலை வரைக்கும் எத்தன பேரு எனக்க ஸ்டுடியோவுக்கு வாறான். எல்லாவனும் ஜப்பான் லென்ஸ ஜெர்மன் ஆக்கித் தாங்கண்ணாக்கும் கேக்கான். ஜெர்மன ஜப்பான் ஆக்கணும்ணு வந்தது நீ ஒருத்தன்தான்.

— மெல்லச் சொல்லுங்க தங்கபாய் அக்கா. வெளிய ஆளு நிக்குது.

— அது பாஸ்போர்ட்டு ஃபோட்டோவுக்கு நிக்குற ஆளு மக்கா. அவனுக்குப் படத்துல ரெண்டு காதும் விழணும், அவ்வளவுதான். நீ காரியத்தச் சொல்லு.

— கேஸு இதாக்கும். இந்த லென்ஸ மாட்டினா எனக்க கேமரா உடனே ஜெர்மன்ணு கண்டுபிடிச்சிருது. எடுக்குற ஒவ்வொரு படத்துக்க கூடவும் லென்ஸு பேரையும் எழுதி வச்சிருது. ஸ்ரீகலா அதக் கம்ப்யூட்டர்ல ஏத்துவா. பேங்குல ஆடிட்டு பாக்குறவ, ஒரு வரி விடமாட்டா.

— ஓ. பெண்டாட்டிக்குத் தெரியாம வாங்கினதா?

— தெரியாமண்ணு சொல்ல முடியாது. வெல கொறஞ்ச பழைய ஜப்பான் லென்ஸுண்ணு சொல்லித்தான் வீட்டுக்குள்ள கொண்டுபோனேன்.

— கோர்ட்டுல இதுக்கு வேற பேரு உண்டோ?

— கேலி பண்ணாதீங்க. அவ நம்பல்ல. பகவதி கோயில் நடையில கொண்டுபோய் நிறுத்திட்டா. ஜப்பான்தான்ணு சத்தியம் பண்ணிட்டேன் அக்கா.

— கர்த்தாவே! எங்க சபையில சத்தியமே பண்ணப்பிடாதுண்ணு சொல்லுவா. எதுக்குண்ணு இப்பம்தான் விளங்குது. அது கெடக்கட்டு, எதக் குடுத்து வாங்கினே?

— அதக் கேக்காதீங்க.

— ரமணா.

— மாமனாரு கல்யாணத்துக்குத் தந்த பைக்கு. காஞ்சிரங்குளத்து உண்ணி கையில பைக்கக் குடுத்திட்டு லென்ஸ வாங்கினேன். வீட்டுல, வண்டி வர்க்ஷாப்புல கெடக்குண்ணு சொல்லியிருக்கேன்.

— சிரிக்கப்பிடாதுண்ணு பாக்கேன், முடியல்ல மக்கா.

— சிரிங்க, சிரிங்க. எனக்குப் பயமும் பேடியுமாட்டு இருக்கு. அவ சண்ட போட்டா தாங்கிருவேன். நடையில நிண்ணு பொய் சொன்னவன்ணு ஒரு பார்வ பாப்பா பாருங்க, அதத் தாங்கமாட்டேன்.

— செரி, லென்ஸத் தா. மாட்டுற வளையத்துல புள்ளி பாத்தியா? ஆறு இடம், கறுப்பும் வெள்ளையும். கேமராவுக்குள்ள ஒரு கண்ணு உண்டு. அது புள்ளிய வாசிச்சுதான் இன்ன லென்ஸுண்ணு சொல்லும். புள்ளிய மறைச்சா ஒண்ணும் எழுதாது.

— அது போரும். பேரே வரப்பிடாது.

— முன்னால பேரு வெட்டியிருக்குமே, அங்க என்ன டேப்பு?

— உண்ணி ஒட்டினது. பேரக் கண்டா கள்ளன் பறிச்சிட்டுப் போவானாம். பிரிக்காதீங்க, லென்ஸுக்குக் கேடுண்ணு சொன்னான். எனக்கும் சௌகரியமாப் போச்சு, ஸ்ரீகலா கண்ணுல படாதே.

— ஓகோ. இரு, மொதல்ல ஸ்பிரிட்டுப் பஞ்சால வளையத்தத் தொடச்சு எடுக்கணும், இல்லேண்ணா பெயின்ட்டு பிடிக்காது.

— பாத்து அக்கா, புள்ளி அழிஞ்சிரப் போவுது. பின்ன ஒரு காலத்துல விக்கணும்ணா...

— அது அழியாது. ஜெர்மன்காரன் குழி வெட்டி அதுக்குள்ளயாக்கும் பெயின்ட்டு நெறைப்பான். ஸ்பிரிட்டு என்ன, ஆசிடு ஊத்தினாலும்... ஏ ரமணா.

— என்ன?

— இந்தப் பஞ்சப் பாரு.

— கறுப்பா இருக்கு. அழுக்கா?

— அழுக்கில்ல மக்கா. புள்ளி.

— அழியாதுண்ணு சொன்னீங்களே!

— ஜெர்மன் புள்ளி அழியாதுண்ணு சொன்னேன். இது மார்க்கர் பேனா. குழியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த டேப்பப் பிரி.

— அக்கா...

— பிரி.

— ...ஜப்பான்.

— தெளிவா எழுதியிருக்கான்.

— கேமராவே ஜெர்மன்ணு சொல்லிச்சே! இதவிட என்ன சாட்சி வேணும் ஒரு மனுசனுக்கு?

— நீ குறுக்கு விசாரண செய்யாம விட்ட சாட்சியாக்கும் அது. புள்ளியப் பாத்தா சொல்லும். யாரு வச்ச புள்ளிண்ணு அதுக்கு என்ன தெரியும்? எனக்க கைவேல இல்ல இது, நான் வச்சா இத்தற கோணலா இருக்காது.

— பைக்கு போச்சே அக்கா!

— சத்தியம் நின்னுதே, அத நெனச்சு சந்தோசப்படு. பகவதிக்க முன்னால நீ சொன்னது அத்தனையும் உள்ளதாக்கும். போன் அடிக்குது பாரு.

— ஸ்ரீகலாதான். கையெல்லாம் டேப்புப் பசை, ஸ்பீக்கர்ல போடுங்க. ஹலோ, ஸ்ரீகலா? அந்த லென்ஸு உள்ளபடியே ஜப்பான்தான். சத்தியமா...

— மதி, போரும். இனியொரு சத்தியம் வேண்டாம். உண்ணி நம்ம பைக்குல போறத பஸ்டாண்டுல வச்சுப் பாத்தேன். நிறுத்திக் கேட்டேன். எல்லாம் சொல்லிட்டான்.

— எல்லாமா?

— ஜெர்மன் லென்ஸுக்கு மாத்தின கதை எல்லாம். அங்கயே நிண்ணு கண்ணீரு விட்டுக் கரஞ்சேன். பொறவு யோசிச்சேன். குடியில்ல, சீட்டில்ல, இந்த மனுசனுக்கு இந்த ஒரு கிறுக்குதானே. பொய்ச் சத்தியத்துக்குப் பகவதிகிட்ட பரிகாரமும் செஞ்சாச்சு.

— ஸ்ரீகலா, நான் சொல்லுறதக் கொஞ்சம்...

— பேடிக்காதீங்க, அப்பாகிட்டயும் நானே சொல்லிட்டேன். பழைய பைக்குக்கு ஜெர்மன் லென்ஸா, மருமகன் சாமர்த்தியக்காரன்தான்ணு ஒரே சிரிப்பு. இண்ணு வைகிட்டு, வெளக்கு வைக்குற நேரத்துக்கு, சித்தப்பாமாரையும் கூட்டிக்கிட்டு வாறாரு. அவரப் படம் எடுத்து, கம்ப்யூட்டர்ல அந்த ஜெர்மன் பேரு வாறதக் காட்டணுமாம். வேகம் வாங்க. வைக்கேன்.

— எவ்வளவு நல்ல மனசு அவளுக்கு! மக்கா, வீட்டுக்குப் போன ஒடனே உள்ளதச் சொல்லிரு. கேட்டியா? ரமணா? என்ன, அந்தப் பஞ்சயே பாத்துக்கிட்டு நிக்கே?

— அக்கா, அந்தப் புள்ளியெல்லாம் திருப்பி வச்சுத் தாங்க. கோணல் இல்லாம.