சாவி தொலைந்த விதம்

ஒரு கார் சாவி தொலைந்ததற்குப் போலீஸ் ஸ்டேஷனில் இவ்வளவு நீளமான படிவம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை, மேடம். குறை சொல்லவில்லை. நானும் முப்பத்துநாலு வருஷம் அரசு அலுவலகத்தில் படிவங்களோடு குடித்தனம் செய்தவன்தான். ஆனால் ‘தொலைந்த விதம்’ என்ற இடத்தில் மூன்று வரிதான் விட்டிருக்கிறீர்கள். “தவறி விழுந்துடுச்சுன்னு போடுங்க சார், வாடகைக் கார்க்காரங்களுக்கு அது போதும்” என்றீர்கள். அவர்களுக்குப் போதும். எனக்கு அரைகுறையாக எழுதிக் கொடுத்துப் பழக்கமில்லை. உங்களுக்கு வேறு வேலை இல்லையென்றால் சொல்லிவிடுகிறேன்.

பெயர் தெட்சிணாமூர்த்தி. வயது அறுபத்தொன்று. வேலையில் இருந்த காலத்தில் எனக்கு விடுமுறை கிடைக்காமல் இல்லை. கிடைத்த விடுமுறை ஒன்றுகூட எனக்கென்று இருந்ததில்லை. ஒரு வருஷம் காதுகுத்து, ஒரு வருஷம் வளைகாப்பு, இடையிடையே கருமாதி. எங்கள் பங்காளிகளில் மூத்தவன் நான். நான் போய் நிற்காவிட்டால் இலை போடமாட்டார்கள். ஓய்வு பெற்ற அன்றே முடிவு செய்தேன். ஒரு வாடகைக் கார், நானே ஓட்டுவது. காரைக்காலில் புறப்பட்டுக் கடலை இடப்பக்கம் வைத்துக்கொண்டே நாகை, வேதாரண்யம், தொண்டி என்று இறங்கி, ராமநாதபுரம் தாண்டி ஒரு ரிசார்ட்டில் கோல்ப் விளையாடுவது. நான்கு நாள்.

ஏன் கோல்ப் என்று எல்லோரும் கேட்டார்கள். டி.வி.யில் பார்த்தேன். அவ்வளவு பெரிய இடத்தில் ஓர் ஆள் தனியாக நடந்துபோகிறான். யாரும் அவனை “சாப்பிட்டுட்டுத்தான் போகணும்” என்று கையைப் பிடித்து இழுக்கவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

பழைய மட்டைகள் ஐந்து வாங்கினேன். வரிச்சிக்குடியில் என் தம்பி ஜெயபிரகாஷின் வயலில், அறுப்பு முடிந்த தாளடியில் பழகினேன். அவன் விவசாயி. வரப்பில் குந்தியபடி பார்த்துக்கொண்டிருப்பான். நான் ஓங்கி அடிப்பேன், மண் பறக்கும், பந்து இருந்த இடத்திலேயே இருக்கும். “ஏண்ணே, இவ்ளோ சிரமத்துக்குக் கையால எடுத்துப் போட்டுட்டா என்னண்ணே?” என்பான். கிண்டலில்லை, உண்மையான அக்கறை. அவனுக்குக் கிண்டல் வராது.

திட்டம் முழுவதையும் போட்டுக் கொடுத்தது அவன் மகள் எழில்மதி. பி.எஸ்.சி. படித்தவள், போனில் எல்லாம் தெரியும். எந்த ஊரில் டீ, எந்த ஊரில் டீசல் என்று வரைபடத்தில் புள்ளி வைத்துக் கொடுத்தாள். கோல்ப் மைதானத்தில் செப்டம்பர் பத்தாம் தேதி காலை ஆறு நாற்பதுக்கு இடம் பிடித்ததும் அவள்தான். எனக்கு இணையம் சரிவராது என்று கணக்கையே அவள் போன் நம்பரில் தொடங்கிவிட்டாள். ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி. அவளுக்குத்தான் போகும். “ஏழு, நாலு, ரெண்டு... நோட் பண்ணிட்டீங்களா பெரியப்பா?” என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லுவாள். நல்ல பிள்ளை. தாய் இல்லாமல் வளர்ந்தது. இதை நீங்கள் எழுத வேண்டாம், ஆனால் தெரிந்திருக்கட்டும்.

இதெல்லாம் போன அக்டோபரில். ஜூலையில் அவளுக்குக் கல்யாணம் கூடியது. போலகத்துப் பையன், மணிபாரதி. கப்பலில் வேலை. செப்டம்பர் பதினான்காம் தேதி கப்பல் ஏறுகிறான், ஏறினால் பத்து மாதம் கழித்துத்தான் வருவான். இடையில் இருந்தது ஒரே முகூர்த்தம். செப்டம்பர் பத்து, காலை ஆறிலிருந்து ஏழரைக்குள்.

முதலில் குறித்தது என் தேதி, மேடம். தயவுசெய்து இதை எழுதிக்கொள்ளுங்கள்.

நான் போகாமலும் இருக்க முடியாது. தம்பி மனைவியை இழந்தவன். எங்களில் தாரை வார்த்துக் கொடுக்க ஜோடியாக உட்கார வேண்டும். பங்காளிகளில் ஊரில் ஜோடியாக இருப்பது நானும் என் மனைவி பங்கஜவல்லியும்தான். நாங்கள் இல்லையென்றால் தாரை இல்லை. “பெரியப்பா, நீங்களும் பெரியம்மாவும்தான் என்னையத் தாரை வார்க்கணும்” என்று எழில் வந்து வெற்றிலை பாக்கு வைத்தாள். வாங்கிக்கொண்டேன். கோல்ப் தேதியைத் தள்ளிப் போடட்டுமா என்று அவளே கேட்டாள். வேண்டாம், பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

தள்ளிப் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். ஒருமுறை தள்ளினால் அடுத்த முறை அவளுக்கு வளைகாப்பு வரும், அதற்கடுத்து பிள்ளைக்குக் காதுகுத்து வரும். எனக்கு இந்தப் பாதை முழுக்கத் தெரியும். அதனால் செப்டம்பர் ஒன்றாம் தேதி காலை, காபி குடித்துவிட்டு, என் சித்தப்பா இளையபெருமாளை இறக்கவைத்தேன்.

பேனாவைக் கீழே வைக்க வேண்டாம். அவர் நன்றாக இருக்கிறார். பிரான்சில் பாரிசுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர், எண்பத்தாறு வயது, பிள்ளை குட்டி கிடையாது. அவரும் குஞ்சம்மா சித்தியும் கடைசியாக ஊருக்கு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது. போன் நம்பரும் முகவரியும் என் டைரியில் மட்டும்தான் இருந்தன. யாருக்கும் வலிக்காத ஓர் ஆளாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். “சித்தப்பா ராத்திரி தவறிட்டார். சித்திக்குப் போன்ல காது கேக்காது, யாரும் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ண வேணாம்” என்று குடும்ப வாட்ஸப்பில் போட்டேன். பங்காளி செத்தால் பதினாறு நாள் தீட்டு. தீட்டில் எங்கள் வீட்டில் தாலி ஏறாது. கல்யாணம் தானாக நின்றது. நான் யாரிடமும் நிறுத்தச் சொல்லவில்லை.

பையன் பதினான்காம் தேதி போகிறவன் என்பது எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். தெரியும். பையனின் அம்மா, தேதி வைத்ததும் சாவு விழுந்த இடம் நமக்கு வேண்டாம், வேறு பெண் பார்க்கலாம் என்று பேசத் தொடங்கியதும் தெரியும். தம்பி ஒரு வாரம் சோறு சரியாகச் சாப்பிடவில்லை. எழில், பத்திரிகை மீந்ததையெல்லாம் கட்டி அலமாரிமேல் வைத்துவிட்டு, “தாத்தா என்ன வேணும்னேவா செத்தாங்க, விடுங்கப்பா” என்று அவனுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆனால் ஒன்றை நான் யோசிக்காமல் விட்டுவிட்டேன். பிள்ளையில்லாதவருக்கு மூத்த அண்ணன் மகன்தான் காரியம் செய்ய வேண்டும். அதாவது நான். பதினாறு நாளும் வீட்டில் இருக்க வேண்டும். வரிச்சிக்குடி பஸ் ஸ்டாப்பில் சித்தப்பாவின் பழைய போட்டோவைப் போட்டுக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் வைத்துவிட்டார்கள். அதில் ‘இவண்’ என்று முதல் பெயர் என்னுடையது. செத்தவரே என்னைக் கட்டிப் போட்டுவிட்டார் என்றுதான் தோன்றியது. உயிரோடிருக்கிற மனிதர்மேல் எனக்குக் கோபம்கூட வந்தது.

ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிறகு ரைஸ்மில்லில் இருந்து ஒரு கலயம் உமிச் சாம்பல் கொண்டுவந்து, மஞ்சள் துணியால் வாய் கட்டினேன். சித்தப்பாவின் அஸ்தி பார்சலில் வந்துவிட்டது, நம் கடலில் கரைக்க வேண்டும் என்பது அவர் கடைசி ஆசை, ராமேஸ்வரம் போகிறேன் என்றேன். “ஏழு நாளைக்குள்ளயா வந்துச்சு?” என்று தம்பி கேட்டான். “பிரான்ஸ்ல எல்லாம் வேகமா நடக்கும்” என்றேன். அவன் தலையாட்டிவிட்டான்.

எட்டாம் தேதி கார் வந்தது. மட்டைகளை டிக்கியில் போர்வையில் சுற்றி வைத்தேன். தனியாகக் கிளம்பலாம் என்றால், அஸ்தி கரைக்க ஒற்றை ஆள் போகக்கூடாதாம். ஜெயபிரகாஷ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முன் சீட்டில் ஏறி, கலயத்தை மடியில் வைத்துக்கொண்டான். அவனுக்கு டிராக்டர் ஓட்டத் தெரியும், கார் தெரியாது. நாகையில் டீ குடிக்க இறங்கவில்லை. சித்தப்பாவைத் தனியாக விடக்கூடாது என்றான். வேதாரண்யத்தில் உப்பளம் பார்க்க அழகாக இருந்தது. “சித்தப்பா, இதான் வேதாரண்யம்” என்று கலயத்திடம் சொன்னான். முப்பத்துநாலு வருஷம் காத்திருந்த பயணம் இது, மேடம். பக்கத்தில் ஒருவன் உமிச் சாம்பலுக்கு ஊர் காட்டிக்கொண்டு வருகிறான். எனக்கு எவ்வளவு பொறுமை இருந்தது என்பதை யாருமே கவனிக்கவில்லை.

ரிசார்ட்டில் தங்கினோம். கரைக்க நல்ல நேரம் பத்தாம் தேதி சாயங்காலம்தான் என்று சொல்லிவைத்திருந்தேன். ஒன்பதாம் தேதி மத்தியானம் மைதானத்துக்குப் பழகப் போனேன். டிக்கியில் இருந்து மட்டையை எடுத்தபோது தம்பி ஒன்றும் கேட்கவில்லை. மனசு ஆற ஏதோ விளையாடுகிறார் என்று நினைத்திருப்பான். ஒரு குளத்தோரம், புங்க மர நிழலில், கலயத்தோடு உட்கார்ந்துகொண்டான். நான் பதினோரு முறை அடித்தேன். பந்து ஏழு அடி போனது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நாலு மணிக்கு அவன் போன் அடித்தது. எழில்மதி. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. எனக்குக் கேட்கும்படி கத்தினாள். “அப்பா, பிரான்ஸ் தாத்தாவும் பாட்டியும் வந்து எறங்கியிருக்காங்கப்பா. பஸ் ஸ்டாப்புல அவுங்க ஃப்ளெக்ஸுக்குக் கீழயே நின்னு வீட்டுக்கு வழி கேட்டாங்களாம், டீக்கடைக்காரரு கிளாஸ போட்டுட்டு ஓடிட்டாராம்.” என் டைரியில் இருந்து முகவரி எடுத்து அவள் பத்திரிகை அனுப்பியிருக்கிறாள். எனக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லாமல் வைத்திருந்திருக்கிறாள். அவர்களும் சொல்லாமல் வந்துவிட்டார்கள். மாப்பிள்ளைப் பையன் விஷயம் தெரிந்து ஓடிவந்து, தீட்டே இல்லை, நாளைக்கே கல்யாணம் என்று நின்றுவிட்டான். மண்டபத்தை யாரும் ரத்து செய்திருக்கவில்லை. “காலைல ஆறு மணிக்குள்ள வந்துருங்கப்பா. பெரியப்பாவ மெதுவா ஓட்டச் சொல்லுங்க” என்றாள்.

தம்பி போனை வைத்தான். மடியில் இருந்த கலயத்தைப் பார்த்தான்.

“அண்ணே, அப்ப இது யாருண்ணே?”

“உமிச் சாம்பல்” என்றேன். பொய் சொல்ல வேண்டிய அவசியம் முடிந்துவிட்டது.

அவன் என்னை அடித்திருக்கலாம். திட்டியிருக்கலாம். கலயத்தைப் புல்லில் வைத்துவிட்டு எழுந்தவன், “வண்டிய எடுங்கண்ணே. மத்தத அப்பறம் பேசிக்கலாம்” என்றான். அவன் குணம் அது. சொல்லிவிட்டுக் கலயத்தைத் தூக்கக் குனிந்தான்.

சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அங்கிருந்து காரைக்கால் ஆறு மணி நேரம். எடுத்திருந்தால் பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து, குளித்து, பட்டு வேட்டி கட்டியிருக்கலாம். எனக்குக் கணக்கு தெரியும். ஆனால் ஆறு நாற்பது என்னுடையது, மேடம். பதினோரு மாதமாக என்னுடையது. அவன் நிமிர்வதற்குள் சாவியை எடுத்துக் குளத்தில் போட்டேன். மட்டை வேண்டியிருக்கவில்லை. கையால்தான். நடுக் குளத்தில் விழுந்தது.

பிறகு பையைத் தடவிப் பார்த்து, “சாவியக் காணோமேப்பா” என்றேன்.

அவன் முழங்காலில் இறங்கி அந்தப் புல்லைத் தேடினான், நடவு வயலில் களை பார்ப்பதுபோல், கைவிரலால் அளைந்து அளைந்து. ஒரு மணி நேரம். நானும் கூடத் தேடினேன். தம்பி தேடும்போது சும்மா நிற்பது முறையில்லை. மாற்றுச் சாவி வர இரண்டு நாள் ஆகும் என்று கார்க் கம்பெனியில் சொன்னார்கள். ரிசார்ட் வண்டி யாரையோ கூட்டிவரப் போயிருந்தது. வேறு டாக்சி சொல்கிறேன் இரு என்றேன். அவன் காத்திருக்கவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல், கலயத்தோடு மெயின் ரோட்டைப் பார்த்து ஓடினான். உமிச் சாம்பல்தான் என்று தெரிந்தும் அதை ஏன் தூக்கிக்கொண்டு போனான் என்பது எனக்கு இன்னமும் விளங்கவில்லை.

மறுநாள் ஆறு நாற்பதுக்குச் சரியாக முதல் பந்தை அடித்தேன். அதே நேரத்தில் மணிபாரதி தாலி கட்டியதாகக் கேள்விப்பட்டேன். இளையபெருமாள் சித்தப்பாவும் குஞ்சம்மா சித்தியும் ஜோடியாக உட்கார்ந்து தாரை வார்த்திருக்கிறார்கள். ஆக, நான் ஒருவர் பெயரைச் சொல்லி லீவு போட்டேன். அவரே வந்து என் இடத்தை நிரப்பிவிட்டார். ஆபீசில் இதைவிட ஒழுங்காக மாற்று ஏற்பாடு செய்ய முடியாது. தம்பி மட்டும் எட்டே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறான். தொண்டியில் பஸ் கிடைக்காமல் மீன் வண்டியில் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து வந்தானாம். மண்டபத்தில் இரண்டாம் பந்தி நடந்துகொண்டிருந்ததாம். மாலையும் கழுத்துமாக நின்ற மகள், மீன் நாற்றத்தோடு வந்தவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு விடவேயில்லையாம். பங்கஜவல்லி சொன்னாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது. இப்போது தம்பி வீட்டில்தான் இருக்கிறாள்.

ஆகவே ‘தவறி விழுந்தது’ என்று எழுதாதீர்கள். ‘வேண்டுமென்றே எறியப்பட்டது’ என்று போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கல்யாணம் நடந்துவிட்டது, பிள்ளை சந்தோஷமாக இருக்கிறாள், யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

எனக்கு இப்போது நிறைய நாள் இருக்கிறது. யாரும் பத்திரிகை வைப்பதில்லை. மாசி மாதம் மறுபடி போகலாம் என்று பதிவு செய்துகொண்டிருக்கிறேன். ஓ.டி.பி. மட்டும்தான் பாக்கி. அது எழிலின் போனுக்குத்தான் போகும். பத்து நிமிஷத்தில் காலாவதியாகிவிடும், மறுபடி அனுப்புவேன். நேற்று நாற்பது தடவை அனுப்பினேன். புதுசாகக் கல்யாணமான பெண், வேலையாக இருப்பாள். பார்த்ததும் கூப்பிட்டு, நிறுத்தி நிறுத்திச் சொல்லுவாள்.