‘நைஸ்’ கட்டின் எட்டு அட்டைகள்

“‘கருணைக் கடலே’ வேண்டவே வேண்டாம்ப்பா. கடல்னு போட்டா எந்தக் கடல்னு ஓரத்துல கேள்விக்குறி போட்டுடுவாங்க.”

“சரி, ‘பொறுமையின் சிகரமே’?”

“உயரம் எத்தனை அடின்னு கேப்பாங்க. ஆதாரம் காட்டுவியா நீ?”

“அப்ப நீங்களே சொல்லுங்க மாமா. ஆளாளுக்கு அடிச்சுக்கிட்டே போனா பக்கத்துல என்னதான் மிஞ்சும்?”

“அவங்க பேரு மிஞ்சும். அதை மட்டும் யாராலயும் அடிக்க முடியாது.”

“‘நைஸ்’னு கூப்பிட்டா என்ன?”

எழுத்துக்கு எழுத்து எங்களைக் காத்தவரே! கால்புள்ளிக்கும் காவல் நின்றவரே! சிவப்பு மையால் எங்கள் முகத்தைச் சிவக்க வைத்து, அதே கையால் தேநீர் ஊற்றித் தந்து தேற்றியவரே! எங்கள் அகராதி அலுவலகத்தில் அச்சுப்பிழை திருத்தும் புரூஃப் அக்கா அவர்களே!

இப்போது வாசித்தது, உங்களை எப்படி விளிப்பது என்று போன செவ்வாய்க்கிழமை அட்டை அறையில் எங்களுக்குள் நடந்த பேச்சு. கடலை மறுத்தவர் அச்சுக்கூட மாமா. சிகரத்தைச் சுமந்து வந்தவர் தட்டச்சுத் தம்பி. கடைசியாக, கதவருகே நின்றபடி ‘நைஸ்’ என்றவர் நம் தலைமை ஆசிரியர். அவர் அந்தச் சொல்லை உச்சரித்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். முப்பத்தோரு வருடங்களாக அவர் முன்னால் யாரும் சொல்லாத சொல் அது.

ஏன் சொல்லவில்லை என்ற கதையில் பாதி இங்கே எல்லோருக்கும் தெரியும். மீதிப் பாதியை உங்களைத் தவிர யாரும் அறியவில்லை. அதைச் சொல்லத்தான் உங்கள் பணி ஓய்வு நாளில் இந்த மடல். ஆனால் அதற்குமுன் அந்தச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம். சொல்லைச் சொல்லாமல் உங்களைச் சொல்ல எங்களால் முடியாது.

நம் அலுவலகத்தில் ஓர் ஆங்கிலச் சொல்லின் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை. வலது மூலையில் அந்தப் பொருள் பிறந்த காலம். ஒரு சொல்லின் அட்டைகளை அச்சிட வேண்டிய வரிசையில், இன்றைய பொருள் மேலே, பழைய பொருள்கள் கீழே என அடுக்கி, வெள்ளை நூலால் கட்டி இழுப்பறையில் வைப்போம். வரிசை எண் எதுவும் எழுதுவதில்லை. நூல்தான் வரிசை.

‘நைஸ்’ கட்டில் எட்டு அட்டைகள். லத்தீனில் ‘அறியாதவன்’ என்ற சொல்லில் வேர்விட்டு, பிரெஞ்சு வழியாக வந்து, ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறாம் ஆண்டில் அது ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அதன் பொருள் ‘மடத்தனமான’. அடுத்து ‘பயந்த’. பிறகு, ‘எதற்கெடுத்தாலும் குறை காண்கிற’. அதற்கடுத்து ‘நொய்ய’, ‘கூச்சமுள்ள’. இருநூறு ஆண்டுகள் போனபின் அதே சொல்லுக்கு ‘துல்லியமான’ என்று பொருள் வந்தது. ‘இனிமையான’ என்பது பதினெட்டாம் நூற்றாண்டில்தான். ‘அன்பான’ அதற்கும் பிறகு. ஏளனமாகப் பிறந்து அன்பாக வளர, அந்த ஒற்றைச் சொல்லுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்குமேல் ஆகியிருக்கிறது. அது கடந்து வந்த வழியில் எத்தனை சத்திரங்கள், எத்தனை இரவல் சட்டைகள்!

“நாம நைஸா அரைன்னு சொல்றோமே, அது எந்த நூற்றாண்டு?” என்று மாமா இடையில் கேட்டார். தலைமை ஆசிரியருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அக்கா, அந்த எட்டில் உங்களுக்குப் பொருந்தாதது எது என்று தேடிப் பார்த்தோம். குறை காண்பவரா என்றால், ஆமாம். மாமா தன் மகளின் திருமண அழைப்பை ஆசையோடு நீட்டியபோது, வாழ்த்துச் சொல்வதற்குமுன் மூன்றாம் வரியில் ஓர் ஒற்றை வட்டமிட்டு, “மாப்பிள்ளைக்கு ஒரு கால் குறையுது பாருங்க” என்றவர் நீங்கள். கூச்சமுள்ளவரா என்றால், குழுப்படம் எடுக்கும் நாளெல்லாம் அலமாரிக்குப் பின்னால் ஏதோ தேடிக்கொண்டிருப்பீர்கள். இந்த அலுவலகத்தில் உங்கள் முழங்கை மட்டும் விழுந்த படங்கள் நான்கு உண்டு. துல்லியத்தைப் பற்றி நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பித்தளை அளவுகோலை வரியின் கீழ் வைத்து, பக்கத்தைக் கடைசிச் சொல்லிலிருந்து முதற் சொல்லை நோக்கிப் பின்னாலிருந்து படிப்பீர்கள். “முன்னாலேர்ந்து படிச்சா கதை இழுத்துட்டுப் போயிடும், எழுத்து கண்ணுல படாது” என்பீர்கள். இருபத்தாறு எழுத்துகள், ஏழு பதிப்புகள். ஒவ்வொன்றையும் பின்பக்கமாக நடந்தே கடந்தவர் நீங்கள்.

அன்பு என்ற எட்டாவது அட்டைக்கு வர, அந்த முதல் பதிப்பின் கதைக்குப் போக வேண்டும்.

நம் தலைமை ஆசிரியருக்கு அப்போது இருபத்து மூன்று வயது. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை. தகுதிகாண் காலம் முடியப் பதினோரு நாள்தான் மிச்சம். காலையில் தரை துடைத்த ஈரம் காய்வதற்குள், ‘N’ எழுத்து இழுப்பறையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். கால் வழுக்கியது. இழுப்பறையைக் கட்டிப்பிடித்துக் காப்பாற்றிவிட்டார். ஒரே ஒரு கட்டு மட்டும் எகிறி விழுந்து, நூல் அறுந்து, எட்டு அட்டைகளும் எட்டுப் படிகளில் கிடந்தன.

பொறுக்கினார். பதற்றத்தில் எது மேலே, எது கீழே என்பதே மறந்துபோனது. யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் விழுந்ததைச் சொல்ல வேண்டும். மூலையில் காலம் எழுதியிருந்தது. பழையது மேலே, புதியது கீழே என்று அடுக்கினார். அறுந்த நூலையே ஒட்டுப்போட்டுக் கட்டினார். ஷூ நாடாவுக்குப் போடுவதுபோல இரண்டு காது வைத்த முடிச்சு. எல்லோரும் இறுக்க முடிச்சுப் போடும் இந்த அலுவலகத்தில் காது வைத்து முடிபவர் அன்றும் இன்றும் அவர் ஒருவர்தான்.

அச்சுக் கோத்தவர்கள் அட்டை வரிசைப்படி கோத்தார்கள். நீங்கள் அட்டையோடு ஒப்பிட்டுப் பின்னாலிருந்து படித்தீர்கள். ஓர் எழுத்துப் பிழை இல்லை. ‘நைஸ்: 1. மடத்தனமான. 2. பயந்த’ என்று அப்பழுக்கில்லாமல் அச்சாகி, நம் அகராதி ஊரெங்கும் போனது.

நாற்பத்திரண்டு கடிதங்கள் வந்தன. அதில் ஒன்று, விரைவில் மணமுடிக்க இருந்த ஒரு தபால்காரர் எழுதியது. அவரை மணக்கவிருந்த பெண் ஆங்கிலத்தில் ஆசையாக ஒரு வரி எழுதியிருக்கிறாள், நீங்கள் ரொம்ப நைஸ் என்று. அவர் நம் அகராதியைப் பிரித்திருக்கிறார். “அவளுக்கு நான் மடையன் என்றால் நேரில் சொல்லியிருக்கலாம். இதற்கு ஏன் தபால்தலை?” என்று கேட்டிருந்தார். அன்று மாலையே நீங்கள் கைப்பட பதில் போட்டீர்கள். ‘ஐயா, தங்கள் வருங்கால மனைவி எழுதியது எங்கள் ஏழாம் பொருளை. எட்டாம் பொருளும் அதில் இருக்கும் என்று நம்புகிறேன். முதலாவதை நிரூபிக்கும்படி எதுவும் செய்துவிடாதீர்கள்.’ திருமணம் நடந்தது. உங்களுக்குத்தான் முதல் அழைப்பு வந்தது. அதிலும் ஒரு பிழை கண்டுபிடித்தீர்கள்.

ஆனால் மற்ற நாற்பத்தொரு கடிதங்களுக்கு விசாரணை வந்தது. பழைய தலைவர் எல்லோரையும் கூடத்தில் நிற்க வைத்தார். மேசைமேல் கறுப்பு அட்டை போட்ட பிழைப் புத்தகம். அச்சில் தப்பு வந்தால் அதற்குக் காரணமானவரின் பெயர் அதில் ஏறும். பெயருக்கு உரியவர் தவிர வேறு யாரும் அதை அடிக்கக் கூடாது. இது நம் அலுவலகச் சட்டம்.

தலைவர் இழுப்பறையை வரவழைத்து, ‘நைஸ்’ கட்டை எல்லோர் முன்பும் பிரித்தார். தம் உயிர் அந்தக் கட்டில் கிடப்பதாகவே நம் இளைஞருக்குத் தோன்றியது. ‘நான்தான்’ என்ற சொல் தொண்டைவரை வந்து நின்றது.

கட்டு சரியான வரிசையில் இருந்தது. ‘அன்பான’ மேலே. ‘மடத்தனமான’ கீழே.

“அட்டை சரியா இருக்கு. அப்ப புரூஃப்லதான் கோட்டை விட்டிருக்கீங்க. யாரு பாத்தது?”

“நான்தான் சார்” என்றீர்கள். “பின்னாலேர்ந்து படிச்சேன். முன்னால என்ன நிக்குதுன்னு பாக்கல.”

கையெழுத்துப் போட்டீர்கள். நாற்பத்தேழாம் பக்கம். முப்பத்தோரு வருடத்தில் அந்தப் புத்தகத்தில் உங்கள் பெயர் ஏறியது அந்த ஒரே தடவைதான். அடுத்த வருடம் காலியான உதவி ஆசிரியர் இடத்துக்கு மூப்பில் நீங்கள்தான் முதலில் இருந்தீர்கள். நாற்பத்தேழாம் பக்கத்தைக் காட்டி உங்களைத் தாண்டி அவரை எடுத்தார்கள். அவர் படிப்படியாக மேலே போனார். நீங்கள் அதே சன்னலோர மேசையில், பேருந்து நிலையத்தைப் பார்த்தபடி, அவர் எழுதியதையெல்லாம் பின்னாலிருந்து படித்துக்கொண்டிருந்தீர்கள்.

அன்று கூடத்தில் அவருக்கு ஒரு சந்தேகம் பிறந்தது. கட்டு சரியாக இருந்ததே. ஒருவேளை நான் சரியாகத்தான் அடுக்கினேனோ? அச்சுக் கோத்தவர்கள்தான் மாற்றிவிட்டார்களோ? பொய்யென்று பாதி தெரிந்தே அந்தச் சந்தேகத்தை அவர் வளர்த்தார். சம்பளம் உயர்ந்த நாளிலும், நாற்காலி மாறிய நாளிலும் அதைத் தலையணைபோல வைத்துத்தான் தூங்கினார். இவையெல்லாம் அவர் வாயால் எங்களிடம் சொன்னவை.

போன செவ்வாய்க்கிழமை, ‘நைஸ்’ என்று சொன்ன கையோடு, எட்டுப் பொருளையும் மடலில் எழுத வேண்டும் என்று அவரே போய் அந்த இழுப்பறையை இழுத்தார். கட்டை எடுக்கும்போது அடியில் விரித்திருந்த பழுப்புத் தாள் கூடவே பிய்ந்து வந்தது. தாளுக்குக் கீழே ஒரு சின்ன உறை. உறைக்குள் ஒட்டுப்போட்ட பழைய வெள்ளை நூல். கட்டிலிருந்து முடிச்சைக் கலைக்காமல் வெட்டி எடுக்கப்பட்டது. இரண்டு காது வைத்த முடிச்சு அப்படியே இருந்தது.

உறைமேல் உங்கள் கையெழுத்தில் ஒரு தேதி மட்டும். விசாரணைக்கு முந்தைய நாள்.

அவர் அந்த உறையோடு அட்டை அறைக்குத் திரும்பி வந்து, நாற்காலி இருந்தும் உட்காரவில்லை.

“அக்காவுக்குத் தெரிஞ்சிருக்கு. விசாரணைக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. என் முடிச்சைப் பாத்துட்டு, கட்டை அவங்களே மாத்தி அடுக்கி வெச்சிருக்காங்க.”

உறையை மேசைமேல் வைத்தார்.

“இதை மடல்ல எழுதுங்க. ஒண்ணு விடாம எழுதுங்க.”

“சார், இது மேடையில படிக்கிறது” என்றான் தட்டச்சுத் தம்பி. “அத்தனை பேரும் இருப்பாங்க.”

“அன்னைக்கும் அத்தனை பேரும்தானே இருந்தாங்க.”

“அதுக்கில்ல சார், உங்க மரியாதை...”

“அது அவங்களுது தம்பி. இத்தனை வருஷமா நான் இரவல்ல போட்டுக்கிட்டு இருக்கேன்.”

அச்சுக்கூட மாமா மூக்கை உறிஞ்சிவிட்டு, “பாத்தியா, அந்தப் பொம்பள கடைசி நாள்லயும் புரூஃப்ல ஒரு தப்பைக் கண்டுபிடிக்க வெச்சிடுச்சு” என்றார்.

அக்கா, அந்த நூலை ஏன் வைத்திருந்தீர்கள் என்று எங்களுக்குள் வாதம் நடக்கிறது. ஆதாரம் இல்லாமல் எதையும் விடமாட்டீர்கள், அதனால் என்கிறார் மாமா. என்றாவது அவரே வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று வைத்திருப்பீர்கள் என்கிறான் தம்பி. தலைமை ஆசிரியர் இந்த வாதத்தில் கலந்துகொள்வதில்லை. நூலைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. கை அடிக்கடி அங்கே போவதை நீங்களே பார்க்கலாம்.

நாளை முதல் உங்களுக்கு முன்பக்கமிருந்து படிக்கும் காலம் வரட்டும். கதை இழுத்துக்கொண்டு போனால் போகட்டும். போன இடத்தில் இளைப்பாறுங்கள். கண் தெளிவாக, கால் உறுதியாக, கை நடுங்காமல், நம் அகராதியின் இன்னும் ஏழு பதிப்புகளைப் பார்க்கும் ஆயுளோடு, நோயின்றி நிறைவாக இருங்கள். வீட்டுக்கு வரும் செய்தித்தாளில் வட்டம் போட்டு எங்களுக்கு அனுப்புங்கள். சிவப்பு மை வாங்கித் தர நாங்கள் இருக்கிறோம்.

இங்ஙனம், அட்டை அறையினர், தட்டச்சு அறையினர், அச்சுக்கூடத்தினர் அனைவரும் கையொப்பமிட்டிருக்கிறோம். கீழே தலைமை ஆசிரியருக்கான இடம் மட்டும் காலியாக இருக்கிறது. ஒரு வேலை முடிந்தபிறகுதான் போடுவேன் என்கிறார்.

உங்கள் முன்னால் மேசையில் இருப்பது பரிசுப் பெட்டி என்று நினைத்திருப்பீர்கள். துணியை விலக்கிப் பாருங்கள். அதே கறுப்பு அட்டைப் புத்தகம்தான். நாற்பத்தேழாம் பக்கம் திறந்திருக்கிறது. உங்கள் பெயருக்குக் கீழே இன்று காலை அவர் தம் பெயரை எழுதியிருக்கிறார். மேலே இருப்பதைத் தொட அவருக்கு உரிமையில்லை, எங்களுக்கும் இல்லை. பக்கத்தில் உங்கள் சிவப்புப் பேனா, மூடி கழற்றியபடி.

மடலின் கடைசி வரியை அவர் சொன்னபடியே எழுதச் சொன்னார்:

“அக்கா, உங்க பேரை அடிச்சுடுங்க.”