முழங்கால் தண்ணி

யசோதினி: ...அப்ப ஏன் ரெண்டு கட்டைத் தூரம்தான் எண்டு பொய் சொன்னீங்க?

உதயரூபன்: பொய் சொல்லல்லகா. மோட்டச்சைக்கிள விட்ட இடத்துல இருந்து ரெண்டு கட்டைதான். நான் இஞ்ச இருக்கக்குள்ள எனக்குப் பதினாறு வயசு. சுறுக்கா நடந்திரிப்பன்.

யசோதினி: அப்ப வண்டியும் இருந்திரிக்காது.

உதயரூபன்: சரி, சரி. கல்யாணம் கட்டி உன்ட ஊட்டுக்கு வந்த பொறகு வெச்ச வண்டிதான் இது. செருப்பக் கழட்டாத, முள்ளு கிடக்கும்.

யசோதினி: மணலுக்குள்ள செருப்பு புதையுது... இதென்ன, ஆனை லத்தியா?

உதயரூபன்: காஞ்சு போச்சு. முந்தாநாள் போட்டதா இரிக்கும். பயப்பிடாத.

யசோதினி: நான் எங்க பயந்தன்? உண்மையா இது ஆறா? இப்பிடிச் செருப்போட நடந்து தாண்டுறம்...

உதயரூபன்: புரட்டாசியில இப்பிடித்தான். மாரி துடங்கட்டும், அப்ப தெரியும்.

யசோதினி: இதுக்குப் பேர் ஹைக்காம். மாடு போற வழியால பையத் தூக்கிற்று நடக்கிறதுக்கு ஒரு இங்கிலீசுப் பேரு. "அம்மா, ஒரு நாள்தான், தூணப் பாத்திற்று பின்னேரம் வந்திருவம்" எண்டான் நம்மட நிது. சோத்துப் பார்சல் கட்டித் தாறன் எண்டன், விடல்ல. பிஸ்கட் போதுமாம்...

உதயரூபன்: யசோ...

யசோதினி: என்ன யசோ? எட்டு மாசமா நீங்களும் கதைக்கிறல்ல, என்னையும் கதைக்க விடுறல்ல.

உதயரூபன்: கதை. நடந்துகொண்டு கதை. மழைக்கு முதல் வரவேணும் எண்டு நீதானே அடம்பிடிச்சாய்.

யசோதினி: நீங்க வரமாட்டன் எண்டுதானே அடம்பிடிச்சீங்க. சொந்த ஊர்ப்பக்கம். தொண்ணூறுல சண்டையோட ஊர விட்டு வெளிக்கிட்ட ஆள், ஒரு நாளாவது வந்து பாப்பம் எண்டு...

உதயரூபன்: என்னத்தப் பாக்க? வயல் வட்டையெல்லாம் காடாப் போச்சு. ஊட்டுக்கு ஒரு கல்லுமில்ல... அந்தா பார். தூண்.

யசோதினி: எங்க?

உதயரூபன்: மரத்துக்கு அங்கால. நிக்குதே.

யசோதினி: இதா? நான் பெரிய மாளிகை எண்டெல்லோ நினச்சன். நாலு கல்லுத்தானே.

உதயரூபன்: பதினொண்டு நிண்டது. மத்தது விழுந்திற்று. அந்த மேட்டத் தோண்டினா முழுக்கச் செங்கல்லு. எந்த ராசா கட்டினானோ... நாங்க கண்டுக்குட்டி கட்டத்தான் தூணப் பாவிச்சம்.

யசோதினி: அந்தப் பாறையில எழுத்து வெட்டிக் கிடக்காம். படம் எடுத்து அவனுக்குப் படிப்பிக்கிற சேருக்குக் காட்டப் போறன் எண்டவன். காட்டினானோ தெரியா.

உதயரூபன்: எப்பிடிக் காட்டுற...

யசோதினி: ஓம். எப்பிடிக் காட்டுற. இந்தத் தூண்லதான் சாஞ்சு நிக்கான். ஃபேஸ்புக்ல இன்னும் கிடக்கு அந்தப் படம். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கான். பக்கத்துல அவள்.

உதயரூபன்: அவள் எண்டு என்ன? விதுர்ஷா எண்டு பேரச் சொல்லு. நேத்தும் எனக்குக் கோல் எடுத்தாள். "அன்ரி ஏன் என்னோட கதைக்கிறல்ல அங்கிள்" எண்டு அழுறாள். அந்தப் புள்ள உனக்கு என்ன செஞ்சவள்?

யசோதினி: ஒண்டும் செய்யல்ல.

உதயரூபன்: பொறகென்ன?

யசோதினி: ஒண்டும் செய்யல்ல எண்டு சொல்றன்தானே. விடுங்க.

உதயரூபன்: ம்.

யசோதினி: எனக்குத் தெரிய வேண்டியது ஒண்டுதான். அவன் ஏன் இறங்கினான்? கல்லடிக் கடல்ல கால் நனைக்கப் பயந்த பொடியன். தோணியில ஏத்தினா என்ட கைய உடமாட்டான். அவன் ஆத்துல இறங்கினதாம்...

உதயரூபன்: கூட்டாளிமாருக்கு முன்னால பயம் தெரியப்படாது எண்டு...

யசோதினி: இல்ல. ஜெயரூபனும் அண்டைக்கு அவனோட நிண்டவன்தானே. அவன் சொன்னான், "வழி கேட்டாச்சு, வாங்கடா" எண்டு நிதுதான் முன்னுக்குப் போனவனாம். ஆரு வழி சொன்னது?

உதயரூபன்: முள்ளு கிடக்கு, பாத்து வா.

யசோதினி: கேக்கிறன்.

உதயரூபன்: எனக்கென்ன தெரியும்? ஃபோனும் ஆத்தோட போயிற்று... பேசாம வா. ஆரோ வாறாங்க.

வல்லிபுரம்: ஆரது? நில்லுங்க, நில்லுங்க! எங்க போறீங்க?

உதயரூபன்: சும்மா... தூணப் பாக்க வந்தம் ஐயா.

வல்லிபுரம்: தூணப் பாக்கிற சனம் கூடிப் போச்சு. என்ட பேரு வல்லிபுரம். அது என்ட மாட்டுப்பட்டி, இது நான் ராவைக்குப் படுக்கிற வாடி. வாங்க, நிழல்ல இரிங்க. தயிர் கிடக்கு.

யசோதினி: வேணாம் ஐயா.

வல்லிபுரம்: தண்ணியாவது குடி புள்ள. முகமெல்லாம் வாடிக் கிடக்கு.

யசோதினி: இந்த வாடிக்குள்ள எத்தின பேர் படுக்கலாம்?

உதயரூபன்: என்ன கேள்விகா இது?

வல்லிபுரம்: பத்துப் பேர் கால நீட்டிப் படுக்கலாம். சுத்திவர கரண்ட் வேலி, ஆனை வராது. ஏன், தங்கப் போறீங்களா?

யசோதினி: இல்ல. சும்மா கேட்டன்.

வல்லிபுரம்: தூணோட நில்லுங்க, என்ன? கீழ துறைக்கு இறங்காதீங்க. போன தையில கம்பஸ் புள்ளைகள் அஞ்சு பேர் வந்ததுகள். மூணு பொடியன், ரெண்டு பொட்டப் புள்ள. வரக்குள்ள கணுக்கால் தண்ணி. பின்னேரம் மேல மழை பேஞ்சு ஆறு ஏறிற்று. வந்த வழியால போகேலாது. "ராவைக்கு இஞ்ச தங்குங்க, விடிய வத்தினாப் போகலாம்" எண்டன். அதில ஒரு பொடியன், உயந்தவன், நல்ல குணம்... "ஓம் மாமா" எண்டு விறகும் பொறுக்கித் தந்தான்.

யசோதினி: விறகு பொறுக்கினானா?

வல்லிபுரம்: ஓம் புள்ள. மறுகா அந்தப் பாறையில ஏறி ஃபோன் கதைச்சான். சிக்னல் அங்க மட்டும்தான் கிடைக்கும். ரெண்டு தரம் கதைச்சவன்.

உதயரூபன்: ரெண்டு தரமா?

வல்லிபுரம்: ரெண்டு தரம்தான். முதல் கதைச்சிற்று முகத்தத் தொங்கப் போட்டிற்று நிண்டான். பொறகும் கதைச்சான். நான் பட்டி அடைக்கப் போயிற்றன். வந்து பாக்கன், அவன் ஆத்துக்குள்ள. கத்தினன். தண்ணிச் சத்தத்துல கேக்கல்ல.

யசோதினி: வழிய ஆரு சொன்னதாம்?

உதயரூபன்: வாகா, போவம். வெயில் ஏறுது.

யசோதினி: பொறுங்க. ஆரு சொன்னதாம் ஐயா?

வல்லிபுரம்: மத்தப் புள்ளைகளும் கேட்டதுகளாம். "தெரிஞ்ச ஆள் சொன்னது, பிழைக்காது" எண்டானாம். தெரிஞ்ச ஆளாம்! ஆரோ அந்தக் காலத்துல ஆத்தக் கண்ட மடையன். ஆத்துக்குக் குறுக்கால ராசா காலத்து அணைக்கல்லு கிடந்தது, அதுக்கு மேலால மாடெல்லாம் தாண்டும். உண்மைதான். ஆனா அஞ்சு வருசத்துக்கு முதல் பெக்கோ மெசின் போட்டு மண் அள்ளினானுகள். நடுக்கல்லையெல்லாம் பேத்துப் போட்டானுகள். இப்ப நடுவுல ரெண்டாள் ஆழத்துக்குக் கிடங்கு. மேலால தண்ணி ஓடினா ஆருக்குத் தெரியும்? மத்த நாலு பேரும் அண்டைக்கு இந்த வாடியிலதான் படுத்ததுகள். எங்க படுத்ததுகள்... விடியுமட்டும் அழுததுகள். ஏன் தம்பி, நீங்க அந்தப் பொடியனுக்குச் சொந்தமா?

உதயரூபன்: இல்ல.

யசோதினி: இல்ல ஐயா.

வல்லிபுரம்: சரி, சரி. பாத்துப் போங்க.

யசோதினி: வாங்க, துறைக்கு இறங்குவம். ஏன் இல்ல எண்டீங்க?

உதயரூபன்: நீயும்தானே இல்ல எண்டாய்.

யசோதினி: இதா அந்த அணை?

உதயரூபன்: ஓம். இந்தக் கரையில இருந்து அந்தக் கரை மட்டும் கல்லு. ஒவ்வொண்டும் மாடு படுத்த அளவு.

யசோதினி: கொஞ்சத் தூரம்தான் கிடக்கு. அங்கால பச்சையாத் தண்ணி நிக்குது.

உதயரூபன்: அதான்... கிடங்கு.

யசோதினி: உங்கட கையில இரிக்கிற கம்பத் தாங்க.

உதயரூபன்: என்னத்துக்கு?

யசோதினி: தாங்க எண்டன். அவன் நடந்த மாதிரி ஒருக்கா நடந்து பாக்கப் போறன்.

உதயரூபன்: விசரா உனக்கு? யசோ! நில்லு!

யசோதினி: எப்பிடி நடந்திருப்பான்? இப்பிடி நேரயா?

உதயரூபன்: கல்லு வழுக்கும்! கிறுகித் திரும்பி வா!

யசோதினி: எதப் பாத்து நடந்திருப்பான்? அந்த முள்ளுப் பத்தையையா?

உதயரூபன்: அங்க இல்ல! அந்த ஒத்த மருதமரத்தப் பாத்து! தூண் முதுகுக்கு நேர வரவேணும், இடப்பக்கம் சரியப்படாது... ஐயோ யசோ, நில்லு, நில்லு! கிடங்கு!

யசோதினி: நிக்கிறன்.

உதயரூபன்: கையப் புடி. இங்கால வா.

யசோதினி: இப்பிடித்தான் அவனுக்கும் சொன்னீங்களா? மருதமரத்தப் பாத்து. தூண் முதுகுக்கு நேர. இப்பிடித்தானா?

உதயரூபன்: ஓம். நான் தேத்தண்ணி குடிச்சிற்று இருந்தன். "அப்பா, ஆறு ஏறிற்று, வேற வழி இரிக்கா" எண்டான். எனக்குப் பெருமை, யசோ. என்ட மகன் என்ட ஊர்ல நிண்டு என்னட்ட வழி கேக்கான். படுவான்கரையில பொறந்தவன்ட மகன் ஆத்துக்குப் பயப்பிடுறதாடா எண்டு சிரிச்சன். "எந்த மாரியிலயும் முழங்கால் தண்ணிதான், நான் எத்தின தரம் மாட்டோட தாண்டினன், நீ போ" எண்டன். முப்பத்திநாலு வருசம் இந்தப் பக்கம் கால் வெக்காத நான்...

யசோதினி: இரிங்க. இந்தக் கல்லுல இரிங்க.

உதயரூபன்: பாலத்தடியில அவன்ட உடம்ப எடுக்கக்குள்ள நான் என்ன செஞ்சன் தெரியுமா? "ஆருடா என்ட புள்ளைய இறங்கச் சொன்னது" எண்டு எல்லாரையும் புடிச்சுக் கேட்டன். பொலிசுக்கு முன்னால. அந்த ஜெயரூபன்ட சேட்டுக் கொலரப் புடிச்சு உலுப்பினன். நானே கேட்டன், யசோ.

யசோதினி: கண்டன். நானும் அங்கதானே நிண்டன்.

உதயரூபன்: ஏசு. அடி. இப்பிடிப் பாத்துக்கொண்டு இரிக்காத.

யசோதினி: என்னத்த ஏச...

உதயரூபன்: அந்த ஐயா ரெண்டு தரம் எண்டார். எனக்கு எடுத்தது ஒரு தரம்தான். முதல் ஆருக்கு எடுத்தான்? தங்கிறன் எண்டு விறகு பொறுக்கினவன், ஏன் வெளிக்கிட்டான்? ... யசோ? ஏன்கா அழுறாய்?

யசோதினி: எனக்குத்தான் எடுத்தவன். "அம்மா, வாடியில தங்கிற்று விடிய வாறம்" எண்டான். ஆரார் நிக்கிறீங்க எண்டு கேட்டன். விதுர்ஷாவும் எண்டான்... பொட்டப் புள்ளையோட காட்டுக்குள்ள ராப்படுத்தா ஊரு என்ன கதைக்கும், இருட்டுறதுக்குள்ள எப்பிடியும் வந்து சேர், வழிய அப்பாட்டக் கேள் எண்டு நான்தான் சொல்லி வெச்சன். மத்த நாலு பேரும் அண்டைக்கு அந்த வாடியிலதானே படுத்ததுகள். ஊரு ஒரு சொல்லுக் கதைக்கல்ல.