ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்துச் சொச்சம்

இல்லைச் சுவாமி, நான் பகிடிக்கு வரேல்லை. போன ஞாயிறு பூசையிலை கலியாண அறிவித்தலை ரெண்டாந்தரமும் நீங்கள் தானே வாசிச்சனீங்கள்? விடத்தல்தீவு றோய்க்கும் எங்கடை வங்காலைப் பெற்றிசியாவுக்கும் கலியாணம், தடை தெரிஞ்ச ஆக்கள் வந்து சொல்லோணும் எண்டு. வந்திருக்கிறன். தடை ஒரு எண்.

சிரியாதேங்கோ. இஞ்சை பாருங்கோ, எழுதிக் காட்டிறன்: 73939133. பகா எண். ஒண்டையும் தன்னையும் விட்டால் வேறை எதாலையும் மிச்சமில்லாமல் பிரியாது. அறக்குளா மீனை வால் பக்கத்திலை இருந்து துண்டு போடுற மாதிரிக் கடைசி இலக்கத்தை வெட்டுங்கோ. 7393913. அதுவும் பகா எண். திருப்பி வெட்டுங்கோ, 739391. அதுவும் அப்பிடித்தான், ஒரு இலக்கம் மிஞ்சும் வரைக்கும் அப்பிடித்தான். இந்தச் சாதி எண்ணுகளுக்குள்ளை ஆகப் பெரியது இதுதான். ஆனால் வாலிலை ஒரு இலக்கத்தைக் கூட்டினியளோ, பூச்சியத்திலை இருந்து ஒன்பது மட்டும் எதை ஒட்டினாலும் பிரிஞ்சு போகும்.

கலியாணத்துக்கும் இதுக்கும் என்னவோ? வாறன், வாறன்.

பெற்றிசியா கம்பஸிலை கணக்குப் படிக்கிறாள். இந்த எண்ணைக் கொப்பி மட்டையிலை எழுதி வைச்சிருந்தவள். றோய் கண்டிட்டார். முன்னுக்கு ஒரு பூச்சியத்தைப் போட்டால் ஆரோ பெடியன்ரை போன் நம்பராம், கடைசி இலக்கத்தை மட்டும் ஒளிச்சு வைச்சிருக்கிறாளாம். ஒவ்வொரு இலக்கமா வாலிலை ஒட்டிப் பத்துத்தரம் அடிச்சுப் பார்த்திருக்கிறார். நாட்டிலை 073 எண்டு ஒரு போனே இல்லைச் சுவாமி. பத்துப் பெடியளும் எடுக்கேல்லை எண்டு பிறகு அவளோடை கோவம்.

அதுகூடப் பரவாயில்லை. வெட்டினது தான் கதை. முதல் அவரின்ரை அம்மா வந்து, மாஸ்டர்ஸ் செய்ய வேண்டாமாம். சரி, அதை வெட்டினாலும் பெற்றிசியா பெற்றிசியா தானே. பிறகு கடைசி வருசமும் வேண்டாமாம். பிறகு முருங்கனிலை பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறதும் வேண்டாமாம். போன கிழமை, கணக்குக் கொப்பியளையாவது கொண்டு வரட்டோ எண்டு கேட்டதுக்கு, அலுமாரியிலை இடம் காணாதாம்.

ஓம், சம்மதிச்சுக் கையெழுத்து வைச்சவள் தான். நீங்கள் மாறி வர முந்தி, பழைய சுவாமிக்கு முன்னாலை. அப்ப எட்டு இலக்கமும் இருந்தது. இப்ப வெட்டி வெட்டி முன்னுக்கு நிக்கிற அந்த ஏழு மட்டும் தான் மிச்சம். ஏழும் பகா எண் தான், நான் மறுக்கேல்லை. அதையும் வெட்டினால் என்ன இருக்கும், சொல்லுங்கோ பாப்பம்.

தெரியும், மூண்டாந்தரம் வாசிக்கிறது வாற ஞாயிறு. அதுதானே இண்டைக்கே வந்தனான். உங்கடை பேனை எழுதுதோ? எழுதுங்கோ. தடை: பெண்ணுக்கு இப்ப சம்மதம் இல்லை.

அதைப் பெண்ணே நேரிலை வந்து சொல்லிக் கையெழுத்து வைக்கோணுமோ? நல்லதாப் போச்சு. அந்தப் பேப்பரை இந்தப் பக்கம் தள்ளுங்கோ, சுவாமி. பெற்றிசியா எண்டு முழுசாவே எழுதிறன்.