தக்காளிக்குத் தும்புத்தூள்

இந்த வெளிநாட்டு நகரத்தின் சீசா பகுதிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீற்றில் இரண்டு தமிழ்ப் பெண்கள்.

"தக்காளிக்கு ஆரும் யன்னலைக் கறுப்புத் துணியாலை மூடுவினமோ அக்கா?" என்றாள் இளையவள்.

"ஆர் மூடினது?"

"நான் வேலை செய்யிற வீட்டுக்காரம்மா, அந்தச் சிஞ்ஞோராவின்ரை மகன். பூட்டின அறைக்குள்ளை பெரிய லைற். சதுப்பிலை வெட்டின கறுப்பு மண்ணோ, தேங்காய்த் தும்புத்தூளோ நல்லதெண்டு என்னைக் கேட்டவன். நான் தென்னை நாட்டுக்காரியாம்."

"என்ன சொன்னனி?"

"தும்புத்தூள்தான், ஆனா உப்பிருக்கும், மூண்டுதரம் கழுவோணுமெண்டன். கழுவியும் குடுத்தன். பிறகு இலையைப் பாத்தால் தக்காளி இல்லை."

"எடியே, அது கஞ்சா. பொலிஸ் வந்தால் உன்ரை கைதான் முதல்ல மணக்கும். வேலையை விடு."

"விட்டால் வேலை ஒப்பந்தம் போயிடும். அது இல்லாமல் அடுத்த மாதம் இஞ்சை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோவை எப்பிடிப் புதுப்பிக்கிறது?"

அக்கா பெருமூச்சோடு திரும்பியவர் என் மடியைப் பார்த்தார். என் கறிவேப்பிலைத் தொட்டிக்கு வாங்கிய தும்புத்தூள் கட்டி, தென்னைமரப் படத்தோடு இருந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவர் என்னைப் பார்த்துப் பயந்தார்.

"கதையாதை. பின்னாலை ஒருத்தன், மடியிலை தும்புத்தூள். பாத்தால் நல்ல பிள்ளை மாதிரி."

அடுத்த தரிப்பில் இருவரும் அவசரமாக எழுந்தார்கள். என்னைக் கடக்கும்போது இளையவளால் பொறுக்க முடியவில்லை.

"அண்ணை, மூண்டுதரம் கழுவுங்கோ."